மழைக்கு முன்பே மதகைத் திறக்க யாருக்கு அதிகாரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் தூர்வாரிய கால்வாய்களின் நீளம், தயார் நிலையில் உள்ள மோட்டார்களின் எண்ணிக்கை, தாழ்வான பகுதிகளுக்கு அனுப்பப்படும் படகுகள் என்று தங்கள் நாளிதழில் செய்திகள் தொடர்ந்து வருகின்றன. கடந்த சில ஆண்டுகளாக இன்னொரு வகைச் செய்தியும் அவற்றோடு சேர்ந்திருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்பதைக் கணினி மாதிரிகளைக் கொண்டு முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பதே அது. பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் பணியாற்றி உதவிச் செயற்பொறியாளராக ஓய்வுபெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி ஏரிக்கரைகளில் கழித்தவன். அந்த அனுபவத்திலிருந்து, இச்செய்திகளில் விட்டுப்போகும் ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். மாதிரியை உருவாக்குவது ஆராய்ச்சியாளர்களின் வேலை. அது சொல்வதை நம்பி, மழை தரையில் விழும் முன்பே மதகைத் திறக்க யாருக்கு அதிகாரம் உண்டு என்பதை என் பணிக்காலம் முழுவதும் எந்த விதித்தொகுப்பிலும் தெளிவாக எழுதியிருந்து நான் கண்டதில்லை.

நான் பார்த்த முதல் வெள்ளக் கணிப்பு மாதிரி, ஏரிக்கரையையும் மதகையும் கவனித்துக்கொள்ளும் கடைநிலை ஊழியரான ஒரு லஸ்கரின் தலைக்குள் இருந்தது. நான் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்த முதல் ஐப்பசியில், என் பொறுப்பிலிருந்த ஓர் ஏரியின் கரைமேல் குடையைப் பிடித்தபடி நின்று, மேலே உள்ள ஏரி நிரம்பிக் கோடி போகிறதாமே, இங்கே எப்போது வரும் என்று கேட்டேன். “ரெண்டு சாமம் ஆகும் சார், போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க” என்றார் அவர். ஆறு மணி நேரம் கழித்து, சொல்லி வைத்ததுபோல் வரத்துக்கால்வாயில் செந்நிறத் தண்ணீர் ஏறியது. அதே மனிதர், அவர் ஓய்வுபெறும் ஆண்டில், அதே கேள்விக்கு, “இப்பல்லாம் ஒரு சாமம்கூடத் தாங்கறதில்ல சார்” என்றார். இடைப்பட்ட காலத்தில் மேல் ஏரிக்கும் எங்கள் ஏரிக்கும் நடுவில் இருந்த மானாவாரி நிலம் மனைப்பிரிவுகளாகிவிட்டது. வளைந்து வளைந்து வந்த கால்வாயின் ஒரு பகுதி நேராக்கப்பட்டுச் சிமெண்ட் பூசப்பட்டுவிட்டது. தண்ணீர் மண்ணில் இறங்கவும் இடமில்லை, தயங்கி நிற்கவும் இடமில்லை. நீரியல் பாடநூலில் இதற்குப் பெயரும் சமன்பாடும் உண்டு. ஆனால் அந்த மாற்றத்தைத் துறைக் கோப்புகளில் யாரும் பதிவு செய்யவில்லை என்பதையும், அந்த லஸ்கர் ஓய்வுபெற்ற நாளில் அந்த மாதிரியும் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது என்பதையும் இங்கே வருத்தத்துடன் சொல்ல வேண்டும். அதில் எனக்கும் பங்கு உண்டு.

கணினி மாதிரி செய்வதும் அடிப்படையில் இதுதான். ஓர் ஏரிக்குப் பதிலாக ஒரு படுகை முழுவதற்கும், ஒரே நேரத்தில். தமிழகத்தில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. அவற்றில் மிகப்பல தனித்தனியானவை அல்ல. ஒன்றின் உபரி அடுத்ததன் வரத்தாகும் சங்கிலிகள். வடக்கே கோடி போவது என்றும் தெற்கே மறுகால் பாய்வது என்றும் சொல்லப்படும் அந்த உபரி, மேலே ஓர் ஏரியில் கரை உடைந்தால் கீழே உள்ள ஏரிக்குக் கணக்கில் இல்லாத வரத்தாக வந்து சேர்கிறது. அதன் கரையும் உடைந்தால் மூன்றாவது ஏரிக்கு இரட்டைச் சுமை. இதற்கிடையே கடல் அலையேற்றத்தில் இருந்தால் ஆற்று முகத்துவாரம் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. முகத்துவாரம் வாங்காவிட்டால் நகரத்தின் வடிகால்கள் ஆற்றில் விழாமல் பின்னோக்கிப் பொங்கும். இப்படி ஒன்றையொன்று தள்ளும் பல பகுதிகளை ஒரு மனிதன் மனக்கணக்காகப் போட முடியாது. இந்த இடத்தில்தான் கணினி ஆராய்ச்சிக்கு உண்மையான வேலை இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்தை உதாரணமாகக் கொள்வோம். டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பெய்தது, அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அதை மனிதரால் ஏற்பட்ட பேரிடர் என்று கூறியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் வழியாகப் பல கல்வி நிறுவன ஆய்வாளர்கள் சேர்ந்து அடையாற்றுப் படுகையைக் கணினியில் ஒப்புருவாக்கிப் பார்த்து, ஆற்றில் வந்த வெள்ளத்தின் பெரும்பகுதி அந்த ஏரியின் மதகுகளைத் தாண்டிய கட்டுப்பாடற்ற நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வந்தது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். இரண்டையும் படித்தவர்கள் ஏதோ ஒன்று பொய் என்று நினைத்தார்கள். என் பார்வையில், முதலாவது ஓர் ஏரியின் பதிவேட்டைப் பார்த்தது. இரண்டாவது படுகையைப் பார்த்தது. வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் விளங்கும்: செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் குன்றத்தூர் வழியாக வந்து திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. அந்த ஆண்டு மூழ்கிய முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் தண்ணீர் வரும் கிளையில் இருக்கின்றன. அங்கே கூரைமேல் ஏறி நின்றவர்களுக்கும் செம்பரம்பாக்கம் மதகுக்கும் நேரடித் தொடர்பு குறைவு. எனினும் தொலைக்காட்சிகளில் பல வாரங்களுக்கு ஒரே ஏரியின் பெயர்தான் அடிபட்டது.

அதனால் மதகை இயக்கிய விதம் சரி என்று நான் வாதாடவில்லை. கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு: நவம்பர் கடைசி நாட்களிலேயே சிறிது சிறிதாகத் திறந்திருந்தால் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் நீர்மட்டம் எத்தனை அடி குறைந்திருக்கும்? இதற்கு விடை சொல்லும் கருவி தணிக்கையாளரிடம் கிடையாது, நீதிமன்றத்திடமும் கிடையாது. நடக்காத ஒன்றை நடத்திப் பார்ப்பது கணினி மாதிரியால் மட்டுமே ஆகும். அடுத்த வெள்ளத்துக்கு ஆயத்தம் செய்வதில் அதன் முதல் பயனும் அதுவே.

கணக்கைச் சற்று விரித்துச் சொல்கிறேன். அதில்தான் அதிகாரியின் தவிப்பு அடங்கியிருக்கிறது. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நொடிக்கு 29,000 கன அடி வீதம் விட்டால் நிரம்பிய ஏரி முழுவதும் சுமார் 35 மணி நேரத்தில் காலியாகிவிடும். மாறாக, ஆறு தாங்கக்கூடிய அளவில், நொடிக்கு 10,000 கன அடியாக ஒரு நாள் முழுதும் திறந்தால் 864 மில்லியன் கன அடி, அதாவது ஏரியில் ஏறத்தாழக் கால் பங்கு காலியாகும். இரண்டு நாள் முன்பே மழையின் அளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் இதைச் செய்யத் தயங்குபவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் இது குடிநீர் ஏரி. எதிர்பார்த்த மழை பொய்த்தால், திறந்துவிட்ட தண்ணீருக்குக் கோடையில் பதில் சொல்ல வேண்டும். 2015க்கு நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்ததையும், ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்து சேர்ந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அந்த ரயில் கொண்டுவந்த தண்ணீர், 2015 டிசம்பர் இரவில் செம்பரம்பாக்கம் மதகுகள் வழியே மூன்று நொடிகளில் ஓடிய தண்ணீருக்குச் சமம். ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்த நாளில் எனக்கே நம்ப முடியவில்லை. மறுபடியும் போட்டுப் பார்த்தேன். தண்ணீரைப் பிடித்து வைத்த அதிகாரி முட்டாள் என்றோ, திறந்துவிடும் அதிகாரி புத்திசாலி என்றோ எளிதில் சொல்லிவிட முடியாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2015க்குப் பிறகு ஆராய்ச்சித் தரப்பில் குறைவில்லாத உழைப்பு நடந்திருக்கிறது. ஒன்றிய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் முயற்சியால் மும்பை ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் ஆகியவை வானிலை நிறுவனங்களுடன் சேர்ந்து சென்னைக்கென ஒரு வெள்ள முன்னறிவிப்பு அமைப்பை உருவாக்கி, அதன் அமைப்பை 2019இல் ஆய்விதழிலும் வெளியிட்டன. மழைக் கணிப்பு, ஆற்றோட்டம், ஏரி இயக்கம், நகர வடிகால், கடலின் அலையேற்றம் ஆகிய தனித்தனி மாதிரிகளை ஒன்றன் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாகும்படி கோத்தது அவர்களின் அரிய பணி. முழுக் கணக்கையும் மழை நேரத்தில் ஓட்டினால் விடை வருவதற்குள் வெள்ளமே வந்துவிடும் என்பதால், பல நூறு வெள்ளக் காட்சிகளை முன்னரே கணக்கிட்டு வைத்து, வரப்போகும் மழைக்கு மிக நெருங்கிய காட்சியை எடுத்துக்காட்டும் வழியைக் கையாண்டார்கள். படித்தபோது எனக்கு எங்கள் லஸ்கரின் நினைவுதான் வந்தது. அவரும் மனத்தில் அடுக்கி வைத்திருந்த பழைய மழைகளில் ஒன்றை எடுத்துத்தான் பதில் சொன்னார். மாநில அரசும் சென்னைப் படுகைக்கென நிகழ்நேர வெள்ள முன்கணிப்புத் திட்டம் ஒன்றை மேற்கொண்டுள்ளது.

இந்த மாதிரிகளின் உள்ளே போகும் எண்களைப் பற்றி, களத்தில் இருந்தவன் என்ற உரிமையில், சிலவற்றைச் சொல்ல வேண்டும். சென்னை மிகத் தட்டையான ஊர். வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வருவதும் வாசற்படியோடு நிற்பதும் அரை அடி மேடு பள்ளத்தில் தீர்மானமாகிறது. 2000ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்து, உலகம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கும் தரை உயரத் தரவில் சில மீட்டர் வரை பிழை இருக்கும். மலைநாட்டுக்கு அது போதும், வேளச்சேரிக்கு உதவாது. விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி அளந்த துல்லியமான உயரங்கள் வேண்டும், அவற்றையும் சாலை உயர உயரத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்களில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தார் போட்டுப் போட்டுச் சாலை வீட்டைவிட உயர்ந்துபோகும் வழக்கம் எந்த மாதிரியையும் ஐந்தே ஆண்டில் பழையதாக்கிவிடும்.

இன்னொன்று, கால்வாயின் சொரசொரப்பைக் குறிக்கும் மானிங் எண். சுத்தமான மண் கால்வாய்க்குப் பாடநூல் சுமார் 0.03 என்கிறது, செடிகொடிகள் அடர்ந்து மண்டியிருந்தால் அது 0.1 வரை போகும். நீரின் ஆழமும் சரிவும் மாறாத நிலையில், இந்த எண் மூன்று மடங்கானால் தண்ணீரின் வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதாவது, ஆகாயத்தாமரையை எடுத்துவிட்டார்களா இல்லையா என்ற ஒரே விவரம், ஒரு பகுதி மூழ்குமா மூழ்காதா என்ற விடையைத் தலைகீழாக்கப் போதுமானது. இந்த விவரம் எந்தச் செயற்கைக்கோளிடமிருந்தும் நம்பகமாக வராது; வாரம் ஒருமுறை கரையில் நடந்து போகிறவரிடமிருந்துதான் வரும். நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் மூன்று நான்கு ஏரிகளுக்கு ஒரு லஸ்கர் என்ற நிலை எங்கள் பிரிவில் இருந்தது. ஒப்பந்தப்படி தூர்வாரி முடித்ததாகக் கோப்பில் இருந்த ஒரு கால்வாயில் இடுப்பளவு சம்பு வளர்ந்து நின்றதை நானே பார்த்து, புகைப்படத்துடன் மேலே எழுதினேன், பதில் வரவில்லை. கோப்பை நம்பி 0.03 என்று எழுதிக்கொள்ளும் ஆராய்ச்சி மாணவர் பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்போதெல்லாம் இயற்பியல் சமன்பாடுகளே வேண்டாம், பழைய மழை அளவையும் பழைய நீர்மட்டத்தையும் கொடுத்தால் இயந்திரக் கற்றல் மூலம் கணினி தானே கற்றுக்கொள்ளும் என்கிறார்கள். நெடுங்காலப் பதிவுள்ள பெரிய ஆறுகளில் அது நன்றாக வேலை செய்வதாகவே அறிகிறேன். நம் ஏரிச் சங்கிலிகளிலோ மேலே சொன்ன இரண்டு சாமம் ஒரு சாமமான கதைதான் இடிக்கிறது. நேற்று வரை ஏரியாக இருந்தது இன்று பேருந்து நிலையமாகவோ குடியிருப்பாகவோ ஆகியிருக்கும்போது, நேற்றைய பதிவிலிருந்து மட்டும் கற்ற கணினிக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்து, மழையின் கணிப்பு. ஏரி, ஆறு, வடிகால் ஆகிய எல்லா மாதிரிகளும் எவ்வளவு சீராக இருந்தாலும், தலைவாசலில் நுழையும் மழையின் அளவு பிழையாக இருந்தால் கடைசி விடையும் பிழைதான். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டில் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். கனமழை வரும் என்ற எச்சரிக்கை இருந்தது. இவ்வளவு வரும் என்று யாரும் சொல்லவில்லை. தாமிரபரணிக் கரையில் ஊர்கள் துண்டிக்கப்பட்டன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளுடன் நின்ற ரயிலை நாடே பார்த்தது. அதற்குப் பின் வானிலைத் துறை சரியாகச் சொல்லவில்லை என்று ஒரு தரப்பும், சொன்னதைக் கேட்கவில்லை என்று மறுதரப்பும் பேசிக்கொண்டன.

வளிமண்டலக் கணக்கில் தொடக்கத்தில் உள்ள மிகச் சிறிய பிழை சில நாட்களில் பேருருவம் எடுத்துவிடும் என்பது 1960களின் தொடக்கத்தில் எட்வர்ட் லாரன்ஸ் கண்டறிந்த செய்தி. அதனால்தான் இன்று பெரிய வானிலை மையங்கள் ஒரே கணக்கைத் தொடக்க நிலைகளைச் சற்றே மாற்றிப் பலமுறை ஓட்டுகின்றன. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை மையம் இவ்வாறு ஐம்பதுக்கு மேற்பட்ட ஓட்டங்களைச் செய்கிறது. ஐம்பதில் நாற்பது ஓட்டங்கள் 10 செ.மீ. மழை என்றும், ஐந்து ஓட்டங்கள் 40 செ.மீ. என்றும் சொல்லுமானால், அந்த ஐந்தை என்ன செய்வது? சராசரி எடுத்தால் அவை மறைந்துவிடும். மறைக்காமல் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று எழுதி அனுப்பினால், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு மதகு அருகே நிற்பவன் திறக்க வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா? நான் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். அன்று என் கையில் நிகழ்தகவு எதுவும் இல்லை, வயர்லெஸ் கருவி ஒன்றுதான் இருந்தது. மேலதிகாரியின் உத்தரவு வரும்வரை காத்திருந்தேன். உத்தரவு வந்தபோது, உபரிநீர் வழியும் கலங்கலுக்கு மேலே ஓர் அடி தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அன்று கரை உடையாதது எங்கள் அதிர்ஷ்டம்.

பிற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படி எதிர்கொண்டன என்பதில் நமக்குப் படிப்பினை உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம் 2011 ஜனவரியில் மூழ்கியபோது, மேலே உள்ள வைவன்ஹோ அணையை இயக்கிய பொறியாளர்களிடம் கணினி மாதிரி இருந்தது. தரையில் விழுந்துவிட்ட மழையை வைத்துத் திறந்தார்களா, வரப்போவதாகக் கணிக்கப்பட்ட மழையையும் சேர்த்துத் திறந்திருக்க வேண்டுமா என்பதே வழக்கின் மையமாக இருந்தது. பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து தொடுத்த அந்த வழக்கில் 2019இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் அணையை இயக்கிய தரப்புகளின் கவனக்குறைவு என்று தீர்ப்பளித்தது. 2021இல் அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அணை நிறுவனத்துக்கு எதிரான தீர்ப்பை நீக்கிவிட்டது. கற்றறிந்த நீதிபதிகளே பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு இரண்டு விதமாகச் சொன்ன ஒன்றை, நம் ஊரில் ஓர் உதவிப் பொறியாளர் இருபது நிமிடத்தில் தீர்மானிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

கலிபோர்னியாவின் மெண்டசீனோ ஏரியில் நேர்ந்தது இதற்கு மறுபக்கம். 2012 டிசம்பரில் நல்ல மழையில் சேர்ந்த தண்ணீரை, வெள்ளத்துக்கு இடம் விட வேண்டும் என்ற பழைய விதிப்படி திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மழை பொய்த்து ஏரியில் தண்ணீர் மிகவும் குறைந்துபோனது. விதியில் தேதி இருந்தது, வானிலை இல்லை. பிறகு, அணையைக் கட்டுப்படுத்தும் இராணுவப் பொறியாளர் பிரிவு, உள்ளூர் நீர் வாரியம், கடலியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை பல ஆண்டுகள் சேர்ந்து உட்கார்ந்து, எந்த அளவு நிச்சயத்தோடு எந்த அளவு மழை கணிக்கப்பட்டால் எவ்வளவு திறக்கலாம், கணிப்பில் மழை இல்லையென்றால் எவ்வளவு பிடித்து வைக்கலாம் என்பதை எழுதினார்கள். 2020ஆம் ஆண்டில் மழை குறைவாக இருந்தும், பழைய விதிப்படி இருந்திருக்கக்கூடியதைவிட 19 சதவீதம் அதிகத் தண்ணீர் அந்த ஏரியில் மிஞ்சியது. புதிதாகக் கரை உயர்த்தவில்லை, தூர்வாரவில்லை, விதியைத்தான் மாற்றினார்கள்.

நெதர்லாந்தில் ராட்டர்டாம் துறைமுகத்தைக் காக்கும் மாஸ்லண்ட் கடல் தடுப்பு ஒருபடி மேலே போய்விட்டது. கடல்மட்டம் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டும் என்று கணிப்பு வந்தால் கணினியே கதவுகளை மூடும். 1997இல் இயங்கத் தொடங்கிய அந்தத் தடுப்பு, உயர் கடல்மட்டத்துக்காக முதன்முறையாகத் தானாகவே மூடிக்கொண்டது 2023 டிசம்பர் 21 அன்று. ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளை மீட்டு மூன்று நாள்கூட ஆகாத நேரம். நம் மதகுகளைக் கணினியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கடலை மூடுவதில் ஒரே முடிவுதான். நம் ஏரிகளில் தண்ணீரைச் சேமிப்பதும் விடுவதும் ஒன்றுக்கொன்று பகை. ஆனால் எந்த எண்ணைத் தாண்டினால் என்ன செய்வது என்பதை அவர்கள் வெயில் அடிக்கும் நாளில் உட்கார்ந்து முடிவு செய்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே, வெள்ள முன்கணிப்புத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும்போது, அதன் ஒரு பகுதியாகவே ஒவ்வொரு பெரிய ஏரிக்கும் அணைக்கும் முன்கணிப்போடு இணைந்த இயக்க விதி எழுதப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த விதிப்படி மதகைத் திறந்த பொறியாளர், பிறகு மழை பொய்த்தாலும் தண்டிக்கப்படமாட்டார் என்ற உறுதி அதில் வாசகமாகவே இருக்க வேண்டும். அந்த ஒரு வாசகம் இல்லாவிட்டால் எத்தனை கோடியில் மாதிரி செய்தாலும் எங்கள் ஆட்கள் வயர்லெஸ்ஸைப் பார்த்தபடியேதான் நிற்பார்கள். விதியை எழுதும் குழுவில் பேராசிரியர்களோடு, அந்தந்த ஏரியில் பத்துப் பருவமழையாவது பார்த்த லஸ்கர் ஒருவரும், ஆயக்கட்டு விவசாயி ஒருவரும், கீழே ஆற்றோரம் குடியிருப்பவர் ஒருவரும் இருக்க வேண்டும். உட்கார நாற்காலியும் கொடுக்க வேண்டும்.

மற்றொன்று, ஒவ்வொரு பருவமழைக்குப் பிறகும் மாதிரி சொன்னது என்ன, நடந்தது என்ன என்பதை அருகருகே வைத்து வெளியிடுவது. வானிலை முன்கணிப்பு ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்ததற்குக் காரணம், ஒவ்வொரு நாளும் தன் பிழையைத் தானே அளந்துகொண்டதுதான். வெள்ள மாதிரியின் பிழை கோப்புக்குள் கிடந்தால் அடுத்த ஆண்டும் அதே பிழையோடுதான் அது வரும். பிழையை வெளியிட்டால் மக்கள் நம்பிக்கை போய்விடும் என்று சில அதிகாரிகள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். முடிச்சூர்வாசிகளின் நம்பிக்கை போக இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டேன்.

இதில் தங்கள் நாளிதழும் ஒன்று செய்யலாம். மழைக்காலத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை ஏரிகளின் நீர்மட்டம், வரத்து, திறப்பு ஆகியவற்றை நாள்தோறும் கட்டம் கட்டி வெளியிடுகிறீர்கள். என் வீட்டில் முதலில் படிக்கப்படுவது அதுதான். அந்தக் கட்டத்தில் இன்னொரு பத்தியைச் சேர்த்து, இன்றைய வரத்து எவ்வளவு இருக்கும் என்று நேற்று கணிக்கப்பட்டது என்பதையும் துறையிடம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன். கொடுக்க மறுத்தால் அந்த இடத்தை வெற்றாக விட்டு, ‘தரப்படவில்லை’ என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிச் செயற்பொறியாளர்,
செங்கல்பட்டு.